1967 ஷெல்பி நகல்: ஃபைபர் பாகங்களை உட்கார வைப்பது எப்படி?

உங்கள் கேள்வி இதுதான்: 1967 ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் ஒன்றை ஷெல்பி ஜிடி500 (மஸ்டாங்கை எடுத்துக் கரோல் ஷெல்பி மாற்றிச் செய்த வேகக்கார்) போல மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஃபைபர்கிளாஸில் (கண்ணாடி இழையை ரெசினில் தோய்த்து இறுக்கியது) செய்த ஹூட் (என்ஜின் மூடி), மூக்குப் பகுதி, ஸ்பாய்லரோடு (பின்முனையில் எழும் விளிம்பு) வரும் டிக்கி மூடி, பின்பக்க மூலைத் துண்டுகள், பக்கவாட்டு ஸ்கூப்புகள் (காற்று வாய்கள்) எல்லாம் வந்திறங்கிவிட்டன. எடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் விரல் நுழைகிறது, மறுபக்கம் தகட்டில் இடிக்கிறது. ஹூட்டை மூடினால் பின் மூலைகள் மேலே தூக்கிக்கொண்டு நிற்கின்றன. பாகம் மட்டமா, என் கைவேலை மட்டமா என்று கேட்கிறீர்கள்.

பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஃபைபர் பாகம் என்பது பாதி முடிந்த பாகம். மீதிப் பாதி உங்கள் காரின் மேல், உங்கள் கையால்தான் முடியும். "போல்ட் போட்டால் போதும்" என்று விற்பவர் எழுதியிருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அசல் கார்களின் கதையே அப்படித்தான். 1967 மாடலுக்கு ஃபோர்டின் சான் ஹோசே தொழிற்சாலையிலிருந்து மஸ்டாங்குகள் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தை ஒட்டியிருந்த கரோல் ஷெல்பியின் பட்டறைக்கு வரும். அங்கேதான் ஃபைபர் மூக்கும் ஹூட்டும் பின்பகுதியும் ஏறின. பாகங்கள் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாமல் அங்கிருந்தவர்கள் தேய்த்தும் பூசியும் மாரடித்தது ஊரறிந்த விஷயம். 1968 மாடலுக்கு வேலை மிச்சிகன் மாநிலத்து அயோனியாவில் இருந்த ஏ.ஓ. ஸ்மித் நிறுவனத்துக்குப் போனதற்கு இந்தத் தலைவலியும் ஒரு காரணம். அவர்கள் அதற்கு முன்பே கார்வெட்டுக்கு ஃபைபர் உடல் செய்து கைப்பழக்கம் உள்ளவர்கள். ஆகவே அசலிலேயே இடைவெளிகள் ஒரே சீராக இருந்ததில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய ஜப்பானியக் காரின் இடைவெளியை 1967 மஸ்டாங்கில் தேடினால் பைத்தியம் பிடிக்கும்.

பாகம் ஏன் சின்னதாக வருகிறது? பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது சுருங்கும். நீளவாக்கில் கால் சதவீதம் என்று வைத்தாலும், ஒன்றரை மீட்டர் நீள ஹூட்டில் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் காணாமல் போய்விடும். அசல் பாகத்திலிருந்து அச்சு எடுத்து, அந்த அச்சில் செய்த பாகத்திலிருந்து இன்னொருவர் அச்சு எடுத்தால் ஒவ்வொரு தலைமுறைக்கும் அளவு குறைந்துகொண்டே போகும். கூடவே, அச்சை அடுத்த ஆர்டருக்குக் காலி செய்ய வேண்டும் என்று ரெசின் முழுதாக இறுகும் முன்பே பாகத்தைப் பிடுங்கி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். அது வழியெல்லாம் முறுக்கிக்கொண்டே வரும்.

வந்த பாகம் தேறுமா என்பதை முதல் நாளே பார்த்துவிடலாம். பெயிண்ட் இல்லாத பாகத்தின் பின்னால் பலமான விளக்கைப் பிடியுங்கள். மெல்லிய இடமும் தடித்த இடமும் திட்டுத்திட்டாகத் தெரியும். ஜெல்கோட் (பாகத்தின் மேல்பூச்சு) தடிமனாக இருந்து வெளிச்சம் வராவிட்டால், ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்று கேட்ட ஒலி எங்காவது மந்தமானால் உள்ளே அடுக்குகள் ஒட்டவில்லை, காற்று நிற்கிறது. பின்பக்கம் ஈரம் படாத வெள்ளை இழைகள் தெரிந்தால் ரெசின் போதவில்லை. இந்த மூன்றில் ஏதாவது பெரிதாக இருந்தால் அப்போதே திருப்பி அனுப்புங்கள். ஒரு முறை அறுத்துத் தேய்த்துவிட்டால் யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள்.

சரி, பாகம் நல்லது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது அதை ஓரமாக வைத்துவிட்டுக் காரிடம் போங்கள். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

மஸ்டாங்குக்குத் தனிச் சட்டம் (ஃபிரேம்) கிடையாது, உடலே சட்டம். என்ஜினைக் கழற்றிவிட்டு, நடுவில் ஸ்டாண்டு கொடுத்து நிற்க வைத்தால் உடல் ஒரு மாதிரி வளையும். சக்கரத்தில் முழு எடையோடு நிற்கும்போது வேறு மாதிரி வளையும். முதல் நிலையில் அழகாகப் பொருத்திய ஹூட், இரண்டாம் நிலையில் ஃபெண்டரை (முன்சக்கரத்துக்கு மேல் வரும் தகடு) உரசும். அதனால் கார் சக்கரத்தில் நிற்கட்டும், அல்லது ஸ்டாண்டுகள் சஸ்பென்ஷனுக்கு அடியில் இருக்கட்டும். என்ஜின் உள்ளே இல்லையென்றால் அதற்கு ஈடான எடையையாவது வையுங்கள். சப்ஃபிரேம் கனெக்டர் (முன், பின் அடிச்சட்டங்களை இணைக்கும் துண்டு) வெல்டு செய்யும் எண்ணம் இருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள். பாகம் பொருத்திய பிறகு அடியில் வெல்டு அடித்தால் பொருத்தியதெல்லாம் வீண்.

அடுத்தது கதவு. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆன கதவுக் கீலில் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கும். கதவைத் திறந்து நுனியைத் தூக்கிப் பாருங்கள். ஆடினால் முதலில் அதை மாற்றுங்கள். பிறகு கதவைப் பின் குவார்ட்டர் பேனலுக்கு (கதவுக்குப் பின்னால் இருக்கும் பக்கத் தகடு) பொருத்துங்கள், ஏனென்றால் அது வெல்டு அடித்தது, நகராது. ஃபெண்டரைக் கதவுக்குப் பொருத்துங்கள், தேவைப்படும் இடத்தில் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) கொடுங்கள். 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை சீராக வந்தால் போதும். தகட்டு வேலை எல்லாம் முடிந்து போல்ட்டுகள் இறுகிய பிறகுதான் ஃபைபருக்குக் கை போக வேண்டும். ஃபைபருக்காகத் தகட்டை நகர்த்தத் தொடங்கினால், ஹூட்டுக்காக ஃபெண்டர், ஃபெண்டருக்காகக் கதவு என்று கார் முழுக்கச் சுற்றிவந்து ஆரம்பித்த இடத்திலேயே நிற்பீர்கள்.

இப்போது பொறுமை தேவைப்படும் கட்டம். பாகங்களை இறுக வைப்பது. ஹூட்டை அதன் கீலிலும், டிக்கி மூடியை அதன் கீலிலும், சரியான நிலையில் போல்ட் போட்டு, கவ்விகளால் பிடித்துவிட்டு, காரை வெயிலில் விடுங்கள். அப்படிச் சில வாரங்கள் நிற்கட்டும். பெயிண்ட் பூத் கிடைத்தால் சுமார் 60 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சூடு காட்டலாம். அதற்கு மேல் போக வேண்டாம், சாதாரண பாலியெஸ்டர் அந்த எல்லையைத் தாண்டினால் இளகத் தொடங்கும். முக்கியம்: சூடு காட்டும்போது பாகம் காரில்தான் இருக்க வேண்டும். தரையில் சாய்த்து வைத்துச் சூடாக்கினால் சாய்ந்த வடிவத்திலேயே இறுகிவிடும், அப்புறம் நிமிர்த்தவே முடியாது. இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்தவர்களின் கார்களில், பெயிண்ட் அடித்த அடுத்த கோடையில் உள்ளே இருக்கும் இழைகளின் வரிகள் மேலே தெரிய ஆரம்பிக்கும்.

ஹூட்டுக்கு வருவோம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இதில் தவறினால் உயிருக்கே ஆபத்து.

மஸ்டாங்கின் கீல்களில் இருக்கும் ஸ்பிரிங், கனமான தகட்டு ஹூட்டைத் தூக்கி நிறுத்துவதற்காகச் செய்தது. ஃபைபர் ஹூட் அதைவிட இலேசு, விறைப்பும் குறைவு. மூடும்போது முன்னால் நீங்கள் அழுத்துகிறீர்கள், பின்னால் ஸ்பிரிங் மறுக்கிறது, நடுவில் ஹூட் வில்லாக வளைகிறது. பின் மூலைகள் மேலே தூக்கிக்கொண்டு நிற்பதாகச் சொல்லியிருந்தீர்களே, அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஹூட் கோணலாக இருப்பதல்ல. பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள். இலேசான ஸ்பிரிங் போடலாம், குறைந்த விசையுள்ள கேஸ் ஸ்ட்ரட் போடலாம், ஒன்றும் வேண்டாம் என்றால் முட்டுக்கம்பியே போதும். எனக்குப் பிடித்தது முட்டுக்கம்பி. அழகு குறைவுதான், ஆனால் ஹூட்டில் எந்த விசையும் ஏறாது. ஸ்பிரிங்கைக் கழற்றும்போது ஸ்பிரிங் இழுபட்டு நிற்கும்போதே சுருள்களுக்கு நடுவே வாஷர்களைச் செருகிவிட்டால் அது நீண்ட நிலையிலேயே நிற்கும், கொக்கியிலிருந்து எளிதாக எடுக்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுக்கப் போனால் முகத்துக்குப் பாயும்.

கீலின் போல்ட் ஏறும் இடத்தில் ஃபைபருக்குள் எஃகுத் தகடு பதித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 3 மில்லிமீட்டர் தகடு ஒன்றை வெட்டி, எபாக்ஸியால் ஒட்டி, மேலே இரண்டு அடுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வைத்து மூடுங்கள். பூட்டுக்கொக்கி ஏறும் இடத்துக்கும் அதேதான். அதோடு நிற்காமல் முன்பக்கம் இரண்டு ஹூட் பின் (ஹூட்டை மேலிருந்து பூட்டும் ஊசி) கட்டாயம் போடுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் காற்று ஹூட்டுக்கு அடியில் புகுந்தால் பூட்டின் திருகுகள் ஃபைபரைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ஹூட் பறந்து வந்து கண்ணாடியில் அறையும். பந்தயக்கார்களில் ஹூட் பின் இருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

ஹூட்டைப் பொருத்தும் வரிசை: முதலில் பின் ஓரத்தைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கௌலுக்குச் சமமாக வையுங்கள், பிறகு இரு ஃபெண்டருக்கும் நடுவே மையப்படுத்துங்கள். முன்பக்கம் எவ்வளவு நீண்டாலும் குறைந்தாலும் இப்போது கவலை வேண்டாம். ஷெல்பியில் ஹூட்டும் மூக்கும் ஹெட்லைட் சுற்றுத் துண்டுகளும் எல்லாமே ஃபைபர். மூக்கை ஹூட்டுக்குப் பொருத்துங்கள், ஹூட்டை மூக்குக்குப் பொருத்தாதீர்கள். குறையும் மில்லிமீட்டர்களை எல்லாம் அந்த முன் கோட்டில் கொண்டுவந்து சேர்த்தால் ஒரே இடத்தில் சரிசெய்துவிடலாம்.

ஹூட் உண்மையிலேயே முறுக்கியிருந்தால்? ஒரு மூலை 5, 6 மில்லிமீட்டர் தூக்கியிருந்தால் சூடு காட்டி, எதிர்ப்பக்கம் கொஞ்சம் அதிகமாகவே வளைத்துக் கவ்வி போட்டு ஆறவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால், வளைத்துப் பிடித்த நிலையிலேயே உள்பக்கம் உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, ஓர் அடுக்கு மேட்டும் ரெசினும் வைத்து இறுக விடுங்கள். புதிய அடுக்கு அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்சட்டம் ஒட்டிய ஹூட்டாக இருந்தால் அந்தச் சட்டத்தை ஓரிரு இடத்தில் அறுத்து, வளைத்து, மறுபடி மேட் வைத்து மூட வேண்டியிருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் மேலே அரை அங்குலம் பட்டி அப்புவதைவிட இது நூறு மடங்கு நல்லது.

பின்பகுதிதான் இந்தக் காரின் நிஜமான பரீட்சை. டிக்கி மூடியின் ஸ்பாய்லரும் இரு பக்க மூலைத் துண்டுகளும் சேர்ந்து ஒரே வளைகோடாக ஓட வேண்டும். நடுத்துண்டு கீலில் அசைகிறது, மூலைகள் குவார்ட்டர் பேனலில் நிலையாக நிற்கின்றன. மூன்றும் மூன்று அச்சிலிருந்து வந்தவை. பின்னால் நிற்பவர் கண் முதலில் போவதும் அங்கேதான். டிக்கி மூடியை முதலில் பொருத்துங்கள்: பின்கண்ணாடிப் பக்கத்துக் கோடு, இரு பக்கக் கோடு, பிறகு ரப்பர் பீடிங் போட்டு மூடிய நிலையில் உயரம். பீடிங் இல்லாமல் உயரம் பார்த்தால் பின்னால் ஏமாறுவீர்கள். புது ரப்பர் மூடியைத் தூக்கிவிடும். மூடி நின்ற பிறகு மூலைத் துண்டுகளை அதற்கு ஏற்றபடி வையுங்கள். ஸ்பாய்லரின் மேல்முனையில் நீளமான, வளையக்கூடிய அலுமினியப் பட்டையை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை படுக்க வைத்துப் பாருங்கள். எங்கே பட்டைக்கடியில் வெளிச்சம் தெரிகிறதோ அங்கே பூச வேண்டும், எங்கே பட்டை தூக்குகிறதோ அங்கே தேய்க்க வேண்டும். பின் விளக்குகளையும் (1967 ஷெல்பியில் மெர்குரி கூகரின் நீள விளக்குகள்) இப்போதே ஒரு முறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மூலைத் துண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் கோட்டைப் பட்டி போட்டு மறைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு விரிவதைப்போல் மேட் வைத்த ஃபைபர் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஒன்றரை மீட்டர் பாகம், 40 டிகிரி வித்தியாசம் என்றால் இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீட்டர் இழுபறி. கறுப்பு பெயிண்ட் அடித்துக் கோடை வெயிலில் நிறுத்தினால் அந்த வித்தியாசம் ஒரே நாளில் வந்துபோகும். மேலே அப்பிய பட்டி எவ்வளவு நாள் தாங்கும்? அசல் காரிலும் கோடு கோடாகத்தான் இருந்தது. அதை நேராகவும் ஒரே அகலமாகவும் வைத்தாலே போதும், கண்ணை உறுத்தாது. கோடே தெரியக்கூடாது என்று அடம்பிடித்தால், பாலியெஸ்டர் பட்டியை மறந்துவிட்டு, தகட்டைப் பளபளவெனச் சுத்தம் செய்து, ஸ்ட்ரக்சுரல் பசையில் ஒட்டி, மேலே எபாக்ஸியும் கண்ணாடித் துணியும் இரு பக்கமும் நல்ல அகலத்துக்குப் பரவும்படி வைக்க வேண்டும். அப்போதும் நான் பந்தயம் கட்டமாட்டேன்.

பக்க ஸ்கூப்புகள் இதற்கெல்லாம் ஒப்பிட்டால் சுலபம். வண்டியின் வளைவுக்கு அவை படியாது. அதனால் தகட்டின் மேல் மறைப்பு நாடா ஒட்டி, அதன்மேல் சொரசொரப்பான உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே பார்க்கும்படி ஒட்டி, ஸ்கூப்பை அதன்மேல் முன்னும் பின்னும் இழுங்கள். தகட்டின் வளைவே ஸ்கூப்பின் அடியைச் செதுக்கிவிடும். உள்ளிருந்து ஸ்டட், நட்டு, ஓரத்தில் மெல்லிய சீலர், அவ்வளவுதான்.

இடைவெளி அதிகமாக இருக்கும் ஓரங்களை வளர்ப்பது எப்படி? ஃபைபரின் ஓரத்தை 80 நம்பர் தாளால் சரிவாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். எதிரே இருக்கும் தகட்டின் ஓரத்தில் நாடா ஒட்டி மெழுகு தடவுங்கள். அரைத்த கண்ணாடி இழை கலந்த ரெசினால் இடைவெளியை முழுக்க நிரப்பிவிடுங்கள். இறுகிய பிறகு பாகத்தைத் திறந்து, வேண்டிய அகலத்துக்குத் தேய்த்து எடுங்கள். அளவுகோலாகப் பெயிண்ட் கலக்கும் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டால் அகலம் தானாக ஒரே சீராக வரும். வெறும் பட்டியால் ஓரம் கட்டாதீர்கள். கதவு சாத்தும் அதிர்விலேயே உதிரும். பெயிண்ட்டுக்கும் இடம் விடுங்கள். பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் ஓரத்தில் சுற்றிக்கொள்ளும்போது இரு பக்கமும் சேர்ந்து அரை மில்லிமீட்டர் போய்விடும்.

திருகு போடும் துளைகள் திருகைவிடப் பெரிதாக இருக்கட்டும், அகலமான வாஷர் போடுங்கள், ஓரத்துக்கு மிக அருகில் துளைக்காதீர்கள். துளைக்கும்போது பின்னால் மரக்கட்டை கொடுத்தால் மேற்பரப்பு நட்சத்திரமாக விரியாது. ஃபைபரில் திருகை முழு பலத்தோடு முறுக்கினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது, பிறகு திருகைச் சுற்றி வெடிப்பு ஓடும்.

தேய்ப்பதற்கு முன் கழுவ வேண்டும், தேய்த்த பின் அல்ல. அச்சிலிருந்து கழற்றுவதற்காகத் தடவிய மெழுகு பாகத்தின் மேல் ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் ஒரு முறை, பிறகு மெழுகு நீக்கும் திரவத்தில் இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் உப்புத்தாளைத் தொட வேண்டும். முதலில் தேய்த்தால் மெழுகைக் கீறல்களுக்குள் திணித்துவிடுவீர்கள். பெயிண்ட் அடிக்கும்போது அங்கங்கே கண் கண்ணாக விலகும். பிறகு எபாக்ஸி பிரைமர். தகட்டுக்கென்று விற்கும் எட்ச் பிரைமர் இங்கே பயன்படாது. பழைய ஃபைபர் பாகத்தில் பெயிண்ட் நீக்கும் ரசாயனத்தை ஊற்றாதீர்கள், ரெசினையும் சேர்த்துத் தின்றுவிடும்.

நிறம் உங்கள் விருப்பம். ஆனால் ஃபைபர் இவ்வளவு இருக்கும் காரில் கறுப்பைவிட வெள்ளை பல வருடம் கூடுதலாகக் குறையை மறைக்கும். வெள்ளையில் நீலப் பட்டை ஷெல்பிக்குப் பொருந்தாத நிறமும் அல்ல.

உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் தூசி முகமூடி. ரெசின் கலக்கும்போது ஸ்டைரீன் ஆவியைத் தடுக்கும் கார்பன் வடிகட்டி உள்ள முகமூடி. இரண்டும் வேறு வேறு. ஹார்டனராக வரும் எம்.இ.கே.பி. கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வை போகலாம், கண்ணாடி இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். கோபால்ட் ஆக்சிலரேட்டரைத் தனியாக வாங்கிக் கலப்பவராக இருந்தால், அதையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். உடம்பில் அரிக்கும் இழைக்கு, வேலை முடிந்ததும் முதலில் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள், வெந்நீரில் அல்ல.

கடைசியாக மின்சாரம். தகட்டில் திருகிய விளக்குக்கு உடலே எர்த். ஃபைபரில் திருகிய விளக்குக்கு அது கிடையாது. முன்னால் மூக்கில் உட்காரும் விளக்குகள் மங்கலாக எரிந்தாலோ, இண்டிகேட்டர் போட்டால் வேறு விளக்கு மினுக்கினாலோ பல்பை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் இழுத்து உடல் தகட்டில் பெயிண்ட்டைச் சுரண்டித் திருகுங்கள். இதை மூக்கைக் கடைசியாக ஏற்றுவதற்கு முன்பே செய்துவிட்டால் கை நுழைய இடமிருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஹூட் கீல், பூட்டு, மூலைத் துண்டு போல்ட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். ஃபைபர் வாஷருக்கடியில் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்திருக்கும்.